கிளினிக் கொப்பி கடக்கும் கடல்

நெடுந்தீவில் இரவு ஒன்பது மணிக்கு ஒருவருக்கு நெஞ்சு நொந்து வியர்த்துக் கொட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கும்வரை எத்தனை நிர்வாகங்களின் கை மாறுகிறார்? வீட்டிலிருந்து ஏற்றிவருவது அயலவரின் ஓட்டோ. முதலில் பார்க்கும் பிரதேச வைத்தியசாலை வடமாகாண சுகாதாரத் திணைக்களத்தினுடையது. கையில் உள்ளதை வைத்துச் சோதித்துவிட்டு, மேலே அனுப்பத்தான் வேண்டும் என்று வைத்தியர் முடிவெடுக்கிறார். பகலில் ஓடும் குமுதினியும் வடதாரகையும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை, நெடுந்தாரகை பிரதேச சபைக்குரியது. அந்த நேரத்தில் இவை எதுவும் ஓடாது. ஆகவே கடற்படைக்குச் சொல்ல வேண்டும். அது பாதுகாப்பு அமைச்சின் கீழ் வருவது. குறிகாட்டுவான் இறங்குதுறையில் காத்து நிற்பது 1990 சுவ செரிய அம்புலன்ஸ் என்றால், அது தனிச் சட்டத்தால் உருவான மத்திய அரசின் மன்றத்துக்குரியது. மாகாண அம்புலன்ஸ் என்றால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் பொறுப்பு. கடைசியாக ஆளைப் பாரமெடுக்கும் போதனா வைத்தியசாலை கொழும்பிலுள்ள சுகாதார அமைச்சின் நேரடி நிர்வாகத்தில் இருக்கிறது.

இத்தனை பேரில் ஒருவர்கூட நோயாளியிடம் காசு கேட்பதில்லை. ஆஸ்பத்திரி இலவசம், கடற்படைப் படகு இலவசம், அம்புலன்ஸ் இலவசம். ஆனால் ஒருவரின் பொறுப்பு முடிந்து மற்றவரின் பொறுப்பு தொடங்கும் ஒவ்வோர் இடத்திலும் யாரோ ஒருவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறார். கடல் எப்படி இருக்கிறது, படகு எப்போது வெளிக்கிடும், அக்கரையில் வாகனம் நிற்கிறதா, வாட்டில் இடம் இருக்கிறதா, கூடப் போகும் தாதி விடியமுன் எப்படித் திரும்பி வருவார் என்று கேட்டுக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் அந்தச் சிறிய வைத்தியசாலையின் வைத்தியர்தான். அவர் போனில் நிற்கும் நேரம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. மருந்துக்குக் கணக்கு உண்டு, டீசலுக்குக் கணக்கு உண்டு, மேலதிக நேரத்துக்குப் படிவம் உண்டு. இவை எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பொருத்தும் வேலைக்குத்தான் கணக்கு இல்லை.

1937இல் ரொனால்ட் கோஸ் என்ற பொருளியலாளர் கேட்ட கேள்வி ஒன்று இங்கே உதவும். தேவையானதை எல்லாம் சந்தையில் அவ்வப்போது வாங்கிக்கொள்ளலாம் என்றால், கம்பனி என்று ஒன்று எதற்கு இருக்கிறது? அவர் சொன்ன பதில் இது: ஆளைத் தேடுவது, விலை பேசுவது, உடன்பாடு எழுதுவது, சொன்னபடி நடந்ததா என்று பார்ப்பது, எல்லாவற்றுக்கும் செலவு இருக்கிறது, அந்தச் செலவு ஒரு அளவைத் தாண்டும்போது மனிதர்கள் வேலையை ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவருகிறார்கள். சுகாதாரத்தில் விலை பேசுவது இல்லை. தேடுவதும் சொல்வதும் சரிபார்ப்பதும் அப்படியே இருக்கின்றன. கூரைகள் எத்தனை கூடுகின்றனவோ அத்தனைக்கு இந்த வேலையும் கூடுகிறது. தீவகத்தில் கூரைகளுக்கு நடுவே கடலும் கிடக்கிறது.

கூரைகள் இப்படிப் பெருகியதற்குக் காரணம் இருக்கிறது. 1987இல் வந்த 13ஆம் திருத்தம் மாகாண சபைகளை உருவாக்கியபோது போதனா வைத்தியசாலைகள் மத்தியில் தங்கின. ஆதார, பிரதேச வைத்தியசாலைகளில் பெரும்பாலானவை மாகாணத்துக்குப் போயின. யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரி 1850இல் அரச அதிபர் டைக் காலத்தில் தொடங்கியது. அன்றுமுதல் வடபகுதி நோயாளிகள் போய்ச்சேரும் இடம் அதுதான். அதற்கு நோயாளிகளை அனுப்பும் ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலை, நெடுந்தீவு, நயினாதீவு, புங்குடுதீவு, வேலணை, அனலைதீவு வைத்தியசாலைகள் வேறொரு கணக்குப் புத்தகத்தில் இருக்கின்றன. நோய்தடுப்பு வேலைக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை என்று இன்னொரு கை. 1926இல் களுத்துறையில் தொடங்கிய முறையின் வழிவந்தது அது. வடக்கில் மாகாண சபைக்குத் தேர்தல் நடந்ததே 2013இல்தான். 2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்த பிறகு ஆளுநர் நிர்வாகம். படகையும் ஆஸ்பத்திரியையும் ஒரே மேசையில் வைத்துக் கேள்வி கேட்கக்கூடிய மாகாண மட்டத்து மேசை அதற்குமேல் இல்லாமல் போயிற்று. மாவட்ட, பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக்கள் கூடுகின்றன. படகு பழுது, வைத்தியர் பற்றாக்குறை என்பன அங்கே வருகின்றன, அடுத்த கூட்டத்துக்கும் வருகின்றன.

பிரிந்த கணக்குப் புத்தகங்களால் வரும் சிக்கல் கொஞ்சம் நுட்பமானது. நெடுந்தீவிலேயே ஒரு இரத்தப் பரிசோதனையைச் செய்து கொடுத்தால் அதன் செலவு மாகாணத்துக்கு. அதனால் மிச்சப்படுவதோ பெரியாஸ்பத்திரியின் வரிசையும் நோயாளியின் படகுக் கூலியும். செலவழிப்பவருக்கு மிச்சம் கிடைப்பதில்லை. மிச்சம் கிடைப்பவரிடம் செலவழிக்க அதிகாரம் இல்லை. இதில் எவரும் கெட்டவர் இல்லை. அவரவர் தத்தம் வரவுசெலவுக்கு நேர்மையாக இருந்தாலே வேலை நடக்காமற் போவதற்குப் போதும்.

நெஞ்சுநோவுக் கதை கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது. நெடுந்தீவிலிருந்து கடற்படை நோயாளியைக் கொண்டுவந்து சேர்த்தது என்று பத்திரிகைச் செய்தியும் வரும். ஆபத்து என்று வந்துவிட்டால் எல்லாரும் ஓடிவருகிறார்கள். தத்தம் நிர்வாகம் என்ற எண்ணம் அந்த இரவுக்கு மறைந்துவிடும். செலவின் பெரும்பகுதி அங்கே இல்லை. எந்தப் பத்திரிகையும் எழுதாத கிளினிக் நாட்களில்தான் அது கிடக்கிறது.

நெடுந்தீவில் அறுபது வயது தாண்டிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். சலரோகம், பிறஷர், அதனால் கண்ணில் கொஞ்சம் பாதிப்பு. அபூர்வமான ஆள் இல்லை. வழக்கமான குளிசைகள் ஊர் வைத்தியசாலையிலேயே கிடைக்கும். விசேட வைத்தியர் பார்க்க வேண்டிய கிளினிக் யாழ்ப்பாணத்தில். படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம், பிறகு குறிகாட்டுவானிலிருந்து 776ஆம் இலக்க பஸ், புங்குடுதீவு, வாணர் பாலம், வேலணை, பண்ணை என்று இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். முதற்படகில் வந்தாலும் பெரியாஸ்பத்திரி வாசலுக்கு வந்துசேரும்போது கிளினிக் இலக்கம் வெள்ளன எழும்பிய யாழ்ப்பாணத்தாருக்குப் போயிருக்கும். கடைசி இலக்கத்தில் இருந்து டொக்டரைப் பார்த்து, மருந்துக் கவுண்டரில் நின்று வெளியே வந்தால், பின்னேரப் படகைப் பிடிக்கிறோமா என்ற பயம். ஆகவே பெரும்பாலானோர் முதல்நாளே வந்து கொட்டடியிலோ நல்லூரிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்குகிறார்கள். ஒரு கிளினிக்குக்கு இரண்டு நாள்.

கிளினிக் ஒன்றோடு நின்றால் பரவாயில்லை. சலரோகக் கிளினிக் ஒரு நாள், கண் கிளினிக் இன்னொரு நாள், இருதயம் வேறொரு நாள். ஒவ்வொரு விசேட வைத்தியரும் தன் வாரத்தை ஒழுங்காகத்தான் வகுத்திருக்கிறார். அந்த ஒழுங்குகள் ஒன்றையொன்று அறியாதவை. திருநெல்வேலிக்காரருக்கு இது மூன்று காலைநேரம். நெடுந்தீவாருக்கு ஆறு நாள், ஆறு படகுப் பயணம், கூலிவேலை செய்பவர் என்றால் ஆறு நாட் சம்பளம். கண் கிளினிக்கில் கண்மணியை விரிக்க மருந்து விடுவார்கள். சில மணித்தியாலம் பார்வை மங்கலாக இருக்கும். அந்தக் கண்ணோடு இறங்குதுறைப் படியில் தனியே இறங்க முடியாது. துணைக்கு ஒருவர் வேண்டும், ஆகவே கூலியும் இரட்டிப்பு.

வெறும் வயிற்றில் இரத்தம் கொடுப்பதும் இப்படித்தான். எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல் சாப்பிடாமல் இருந்து வாருங்கள் என்று துண்டில் எழுதிக் கொடுப்பது சரியான மருத்துவம். சலரோகக்காரர் ஒருவர் சாப்பிடாமல் சோளகக் கடலில் ஒரு மணித்தியாலம் படகில் ஆடி, பஸ்ஸில் குலுங்கி வந்து ஊசிக்குக் கை நீட்டுவது சரியான மருத்துவமா என்பது வேறு கேள்வி. இரத்தத்தை நெடுந்தீவிலேயே எடுத்துக் குளிர்ப்பெட்டியில் படகில் அனுப்பிவிட்டால் ஆள் வரத் தேவையில்லை. தொழில்நுட்பத்தில் இதற்குத் தடையே இல்லை. பெட்டியை யார் படகில் ஏற்றுவது, குறிகாட்டுவானில் யார் இறக்குவது, படகு பிந்தினால் யார் பொறுப்பு, ரிப்போட் எந்த வழியாகத் திரும்பி வருவது? படகோட்டி சுகாதாரத் திணைக்கள ஊழியர் இல்லையே. இந்த நாலு கேள்விக்கும் பெயர்போட்டு விடை எழுதாதவரை, இரத்தத்துக்குப் பதிலாக ஆளே கடல் கடக்க வேண்டியிருக்கிறது.

இடையில் ஒரு மாலையில் யாழ்ப்பாண நகரத்தில் தனியார் வைத்தியசாலையில் டொக்டரை சனல் பண்ணிப் பார்ப்பதும் நடக்கும். 1977க்குப் பிறகு அரச வைத்தியர்கள் வேலைநேரத்துக்கு வெளியே தனியாகப் பார்க்க அனுமதி உண்டு. காலையில் வரிசையில் நின்று காணமுடியாத அதே டொக்டரை மாலையில் காசு கொடுத்துக் காணலாம். பணக்காரர் மட்டும் செய்வதில்லை இதை. இரண்டு நாளை ஒரு நாளாக்க ஏழையும் செய்வார்; அவருக்கு அது சில சமயம் உண்மையிலேயே லாபம். ஆனால் தனியாரில் எழுதிய மருந்து தனியார் துண்டில் இருக்கும், அரச மருந்து கிளினிக் கொப்பியில் இருக்கும், வாட்டில் படுத்தெழும்பியபோது கொடுத்த விபரம் நோய்நிர்ணய அட்டையில் இருக்கும். பெயர் வேறாய், சரக்கு ஒன்றாய் இருக்கும் இரண்டு குளிசையை ஒருவர் சேர்த்துப் போடுவது இந்த மூன்று கடதாசிக்கும் நடுவேதான். மூன்றையும் ஒன்றாகப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் நோயாளி, அவருக்கோ அந்தக் கடதாசிகளில் உள்ள ஆங்கில எழுத்துத் தெரியாது. பிளாஸ்ரிக் பைக்குள் சுருட்டிக் கொண்டுவரும் அந்தக் கொப்பிதான் வடமாகாண சுகாதாரத்தின் தகவல் வலையமைப்பு என்று சொன்னால் மிகையில்லை. அது நனைந்தால் மூன்று மாதக் கதையைத் திரும்பச் சொல்ல வேண்டும், சில பரிசோதனைகளைத் திரும்பச் செய்ய வேண்டும்.

இவற்றில் எது செலவாகப் பதிவாகிறது? இலங்கையின் மொத்தச் சுகாதாரச் செலவில் ஏறத்தாழப் பாதி மக்கள் தம் கையால் கொடுப்பது என்று தேசிய சுகாதாரக் கணக்குகள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. இலவச மருத்துவ நாட்டுக்கு அதுவே பெரிய தொகை. ஆனால் அந்தக் கணக்கு எண்ணுவது மருந்தையும் பரிசோதனையையும் டொக்டர் கட்டணத்தையும். படகுக் கூலி, இழந்த நாட்சம்பளம், துணைக்கு வந்த மகளின் விடுப்பு, சொந்தக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோகும் ஒடியல் மாவும் கருவாடும் சர்வதேசக் கணக்கியல் முறைப்படியே அதில் சேராதவை. தீவகத்தாருக்குப் பெரும் செலவு இவைதான். கொட்டடிச் சொந்தக்காரர் வீடு ஒரு விதத்தில் சுகாதார சேவையின் விடுதி. ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ சூரிச்சிலிருந்தோ மாதாமாதம் வரும் பணம் அதன் போக்குவரத்துப் பிரிவு. வெளிநாட்டில் ஆள் இல்லாதவரும் நகரத்தில் உறவு இல்லாதவரும் கிளினிக்கைத் தவறவிடுகிறார்கள். ஆஸ்பத்திரிப் பக்கத்தில் அது நோயாளியின் கவனக்குறைவு என்று எழுதப்படுகிறது.

யுத்தம் இதை இன்னும் கூர்மையாக்கியது. 1985 மே 15இல் குமுதினிப் படகில் நடந்த படுகொலைக்குப் பிறகு படகில் ஏறுவதே பயத்தோடு செய்யும் காரியமாயிற்று. 1990இல் தீவகத்தில் இராணுவ நடவடிக்கை நடந்ததும் ஊர்கள் வெறுமையாகின. திரும்பி வந்தவர்கள் குறைவு, வந்தவர்களில் வயதானவர்கள் அதிகம். நெடுந்தீவு பரப்பில் பெரிய தீவு. சனத்தொகை சில ஆயிரம்தான். ஆள் குறைந்த இடத்தில் விசேட வைத்தியரை நிறுத்துவதற்கு எந்தத் திட்டக்காரரும் சம்மதிக்க மாட்டார், அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. விசேட வைத்தியர் வரமுடியாது என்பதை ஏற்றுக்கொண்டால், அவரிடம் போய்வரும் வழியைச் செம்மையாக்குவதுதான் அந்த ஊருக்குச் செய்யக்கூடிய மருத்துவம். அதற்குத்தான் நிதி ஒதுக்குவதில்லை.

ஆனால் ஒரு துறையில் இந்த வேலை நன்றாக நடக்கிறது, அதுவும் இதே தீவுகளில். கர்ப்பிணித் தாய் ஒருவர் பதிவானதும் அவருடைய அட்டை இரண்டு பகுதியாகிறது. ஒன்று தாயின் கையில், மற்றது குடும்பநல உத்தியோகத்தரிடம். ஊரில் மிட்வைவ் என்றே சொல்வார்கள். அவருக்கென்று ஒரு பிரதேசம், அந்தப் பிரதேசத்தில் உள்ள ஒவ்வொரு கர்ப்பிணியும் அவர் பொறுப்பு. கிளினிக்குக்கு வராதவரை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார். பிறஷர் ஏறியிருந்தால் சுகாதார வைத்திய அதிகாரிக்குச் சொல்வார். எந்த ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேறு, எப்போது அங்கே போய்ச்சேர வேண்டும் என்பதை முன்கூட்டியே பேசி முடிப்பார். பிள்ளை பிறந்து தாய் ஊர் திரும்பியதும் செய்தி திரும்ப அவரிடம் வந்தாக வேண்டும். இலங்கையில் தாய்மார் மரணம் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு முப்பதளவில் நிற்பதற்கு இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. இதிலே கணினி கிடையாது, விசேட தொழில்நுட்பம் கிடையாது. பொருத்தும் வேலை ஒரு சம்பளக்காரரின் கடமைப் பட்டியலில் எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அவருக்குப் பயிற்சி, சம்பளம், மேற்பார்வை எல்லாவற்றுக்கும் அரசு நூறு வருடம் அளவில் பணம் போட்டு வந்திருக்கிறது என்பதை மறந்துவிட்டு இதை மலிவு என்று சொல்லக்கூடாது.

இங்கேயும் செலவு முழுக்கத் தீரவில்லை. நெடுந்தீவுத் தாய் நோவு கண்டபின் படகு தேட முடியாது. ஆகவே நாள் நெருங்குமுன்பே யாழ்ப்பாணத்துக்கு வந்து தங்குகிறார். மூத்த பிள்ளைகளை அம்மம்மாவிடம் விட்டு வருகிறார், புருசன் தொழிலை விட்டு இடையிடையே வந்துபோகிறார். உயிராபத்தைத் தங்கும் செலவாக மாற்றியிருக்கிறோம். நல்ல மாற்றம்தான். அதைக் கொடுப்பது இன்னமும் குடும்பம்.

அமெரிக்காவில் வோல்ட்டர் லூட்ஸ் என்ற ஆய்வாளர் 1999இல் மருத்துவ சேவையையும் சமூக சேவையையும் இணைப்பது பற்றிச் சில விதிகள் எழுதினார். அவற்றில் இரண்டை நம் அதிகாரிகளின் மேசையில் ஒட்டிவைக்கலாம். இணைப்பு பலன் தருமுன் செலவு வைக்கும் என்பது ஒன்று. நீ உன் வசதிக்கு இணைத்துக்கொண்டது எனக்குச் சிதறலாகலாம் என்பது மற்றது. பெரியாஸ்பத்திரி எல்லா விசேட கிளினிக்குகளையும் ஒரே வளவில் வைத்திருப்பது அதன் கண்ணில் இணைப்பு. கடலுக்கு அப்பால் இருப்பவருக்கு அது இரண்டு நாள். முதல் விதியை மறந்தவர்கள், சேவைகளை இணைத்தால் உடனே பணம் மிச்சமாகும் என்று திட்ட அறிக்கையில் எழுதி, இரண்டாம் வருடமே மிச்சத்தைக் கேட்டு, கிடைக்காதபோது திட்டத்தை மூடுகிறார்கள்.

தீவுக்குத் தீவு ஒப்பிடுவதானால் ஸ்கொட்லாந்தைப் பார்க்கலாம். அதன் வடமலைநாட்டிலும் தீவுகளிலும் மருத்துவம் கிடைக்காத நிலையை ஆராய்ந்த டூவர் குழு 1912இல் அறிக்கை தந்தது. அடுத்த வருடம் வருடாந்தம் 42,000 பவுண் மானியத்தோடு தனி மருத்துவ சேவை தொடங்கியது. பிரிட்டனின் தேசிய சுகாதார சேவைக்கு முப்பத்தைந்து வருடம் முந்தியது இது. அதன் மூளை எங்கே இருந்தது என்றால், வைத்தியரின் பயணச் செலவை மானியம் ஏற்றுக்கொண்டதில். வைத்தியர் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவரும் இருபது மைலுக்கு அப்பால் கடலோரத்தில் இருப்பவரும் ஒரே கட்டணம் கொடுத்தால் போதும். தூரத்தின் விலை நோயாளியின் தலையில் விழாது. 1933இல் ஐலே தீவிலிருந்து கிளாஸ்கோவுக்கு நோயாளியை விமானத்தில் கொண்டுபோனார்கள். இன்றும் அந்தப் பகுதி நோயாளிகள் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் பயணச் செலவைத் திரும்பக் கொடுக்கும் திட்டம் ஒன்று அங்கே இயங்குகிறது. பணக்கார நாடு என்று சொல்லிவிடலாம். 1913இல் அந்தத் தீவுகள் பணக்காரத் தீவுகள் அல்ல. ஆடும் மீனும் சின்னஞ்சிறு காணிகளும்தான் அங்கே பிழைப்பு.

நம்மிடமும் திட்டம் இல்லாமல் இல்லை. 2018இல் உலக வங்கியின் 200 மில்லியன் டொலர்க் கடனோடு தொடங்கிய ஆரம்ப சுகாதாரச் சீர்திருத்தம், ஒரு ஆதார வைத்தியசாலையையும் அதைச் சுற்றியுள்ள சிறிய வைத்தியசாலைகளையும் ஒரே கொத்தாகக் கருதச் சொல்கிறது. மருந்து, ஆய்வுகூடம், விசேட வைத்தியர் ஆகியவற்றைக் கொத்து பகிர்ந்துகொள்ளும். நோயாளி கீழே பதிவாகி, வேண்டும்போது மேலே போய், திரும்பிக் கீழே வருவார். எழுத்தில் அழகாக இருக்கிறது. படத்தில் தீவகத்துக்கு ஊர்காவற்றுறைதான் தலை என்று தோன்றும். ஆனால் படகு படத்தைப் பார்த்து ஓடுவதில்லை. அனலைதீவு, எழுவைதீவுப் படகுகள் ஊர்காவற்றுறைக்கு வருகின்றன, ஆகவே அவர்களுக்கு அந்த ஆஸ்பத்திரி வழியிலேயே இருக்கிறது. நெடுந்தீவாரும் நயினாதீவாரும் குறிகாட்டுவானில் இறங்குகிறவர்கள். அங்கிருந்து பஸ் யாழ்ப்பாணத்துக்கு நேரே போகிறது. ஊர்காவற்றுறையோ வேலணைத் தீவின் வடக்கு முனையில், வேறு பாதையில். அங்கே போய், அங்கிருந்து மேலே அனுப்பப்பட்டால் ஒரு நாள் வீண். யாழ்ப்பாணத்துக்கே நேரே போனால் அந்த ஆபத்து இல்லை. இலங்கையில் எவரும் எந்த அரச ஆஸ்பத்திரிக்கும் துண்டு இல்லாமலே போகலாம் என்பதால், அவர்கள் போகிறார்கள். இதைக் கிராமத்தாரின் பெரியாஸ்பத்திரி மோகம் என்று சொல்வோர் உண்டு. எனக்கு அது சரியான கணக்காகவே படுகிறது. நெடுந்தீவை ஊர்காவற்றுறையோடு கொத்தாக்க வேண்டும் என்றால் முதலில் மாற வேண்டியது பஸ் நேரம். அது சுகாதார அமைச்சின் கையில் இல்லை.

இத்தனை நிர்வாகமும் ஒன்றாக இயங்கவே முடியாது என்று முடிவுகட்ட வேண்டாம். ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவைப் பாருங்கள். முன்னாயத்தக் கூட்டத்தில் மாவட்டச் செயலகம், சுகாதாரம், பொலிஸ், கடற்படை, போக்குவரத்து, பிரதேச சபை, படகுக்காரர் எல்லாரும் ஒரே மேசையில். எந்த இறங்குதுறையில் எத்தனை படகு, எங்கே முதலுதவி, எங்கே அம்புலன்ஸ், யாரிடம் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் முடிவாகிறது, ஆயிரக்கணக்கான அடியார்கள் பத்திரமாகப் போய்வருகிறார்கள். ஆக, திறமை இருக்கிறது. திருவிழாவின் பதினைந்து நாளுக்கு அதைக் கேட்க ஆள் இருக்கிறது. மிச்ச 350 நாள் நயினாதீவில் வசிப்பவருக்காக அந்த மேசை கூடுவதில்லை.

2020இல் இன்னொன்றும் தெரியவந்தது. ஊரடங்கு வந்து கிளினிக்குகள் நின்றபோது, நாடு முழுவதும் கிளினிக் நோயாளிகளின் மருந்தைத் தபால் திணைக்களத்தின் மூலமும் சுகாதார ஊழியர்கள் மூலமும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பட்டியல் போட்டு, பொதி கட்டி, முகவரி எழுதி, ஆளைத் தேடிக் கொடுத்தார்கள். அதுவரை நோயாளி சுமந்த வேலையைச் சில மாதம் அரசு சுமந்தது. குழப்பங்களும் நடந்தன, மருந்து பிந்தியவர்களும் உண்டு. ஆனால் இரத்த அழுத்தம் நிலையாக உள்ள ஒருவர் ஒவ்வொரு மாதமும் கிளினிக் வரிசையில் நிற்காமலே குளிசை பெறலாம் என்பது நாடளவில் சோதித்துப் பார்த்த விடயமாயிற்று. ஊரடங்கு தளர்ந்ததும் வரிசை திரும்பிவந்தது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது படகும் பஸ்ஸும் குறைந்தன, ஆஸ்பத்திரியில் மருந்தும் குறைந்தது, வெளியில் வாங்குங்கள் என்று துண்டு கொடுத்தார்கள். இரண்டு நாள் செலவழித்துத் துண்டோடு திரும்பியவர்கள் தீவகத்தில் பலர். 2020இன் பட்டியல்கள் அப்போது பயன்பாட்டில் இருந்திருந்தால், மருந்து இல்லை என்ற செய்தியையாவது முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம்.

இனி என்ன செய்யலாம் என்று கேட்டால், பெரும் கட்டடம் எதுவும் மனதில் வரவில்லை. வெளிநாட்டு ஊர்ச்சங்கங்கள் தீவக ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டில், இயந்திரம் என்று அன்போடு கொடுத்துவருகின்றன. கொடுக்கக்கூடியது கண்ணுக்குத் தெரியும் பொருள், திறப்புவிழாப் படத்தில் வரும் பொருள். ஒருவரின் மாதச் சம்பளத்தை ஐந்து வருடத்துக்குப் பொறுப்பெடுங்கள் என்று கேட்டால் சங்கக் கூட்டத்தில் யாருக்கும் பிடிக்காது. தேவைப்படுவதோ அதுதான்.

ஆரம்ப சுகாதாரச் சீர்திருத்தத்தோடு பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர் என்ற பதவி வந்திருக்கிறது. தொற்றா நோயாளிகளைப் பின்தொடர்வது அவர்கள் வேலையில் அடங்கும். கர்ப்பிணிக்கு மிட்வைவ் செய்வதைச் சலரோகக்காரருக்கு இவர் செய்யலாம்: தீவிலுள்ள கிளினிக் நோயாளிகளின் பட்டியல் ஒன்று, மூன்று கடதாசியையும் ஒன்றாக விரித்து வைத்து மருந்தைச் சரிபார்க்கும் ஒரு நேரம், குளிர்ப்பெட்டி, படகுக்காரரோடு எழுத்தில் ஓர் உடன்பாடு. ஆனால் அவர் மாகாண ஊழியர். பெரியாஸ்பத்திரியில் நெடுந்தீவாரின் சலரோகம், கண், இருதயம் மூன்றையும் ஒரே நாளில், அதுவும் முதற்படகு வந்து சேர்ந்த பிறகான நேரத்தில், இன்னாருக்கு என்று பதியும் உரிமை அவருக்கு வேண்டும். மத்திய அரசின் ஆஸ்பத்திரியின் கிளினிக் இலக்கத்தை மாகாணத் தாதி ஒருவர் தீவிலிருந்து போனில் எடுப்பதற்கு இரண்டு நிர்வாகமும் கையொப்பமிட்ட ஒரு பக்கக் கடிதம் போதும். அந்தத் தாதி விடுப்பில் போனால் பதிலுக்கு யார், கிளினிக்கில் மேலதிகமாக இருக்கும் எழுதுநரின் சம்பளம் மாகாணத்துக்கா மத்திக்கா என்ற இரண்டு வரியும் அந்தக் கடிதத்தில் இருந்தாக வேண்டும். கடிதம் எழுதுவது எளிது. கடைசி இரண்டு வரியில்தான் பேச்சு நீளும்.